அக்கா கண் திறந்த படம்

அக்காவுக்குக் கல்யாணம் என்றதும் சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு நாற்பத்திநாலு வயது. பதினெட்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். யூனிஃபார்ம் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுக்கப்போன கடையில், தையல்காரரிடம் மனதையும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

திங்கட்கிழமை பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து. கூட்டம், விருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரே ஒரு ஆசைதான் இருந்தது.

"என் பஸ்ஸோட ஒரு படம் எடுத்துக் குடுடீ. இருட்டினப்புறம், உள்ள லைட்டெல்லாம் எரியும்போது. அப்பதான் அது பாக்க லட்சணமா இருக்கும்."

சின்னவள் படம் எடுப்பவள்தான். ஆனால் ஒரு மரச்சாமான் கடைக்காகக் கட்டில், அலமாரி, நாற்காலி என்று எடுத்தே அவளுக்கு எட்டு வருடம் ஓடியிருந்தது. நாற்காலி கண் சிமிட்டாது. அக்காவின் கண்ணோ ஃபிளாஷைக் கண்டால் மூடிக்கொள்ளும். அடையாள அட்டையிலேயே கண்மூடித்தான் இருப்பாள். பணிமனையில் அவளுக்கு ‘தூங்கும் டிரைவர்’ என்று பட்டப்பெயரே உண்டு.

சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, தெரிந்தவரிடம் ஒரு சின்ன ஃபிளாஷை இரவல் வாங்கிக்கொண்டு சின்னவள் பணிமனைக்குப் போனாள். வண்டியைக் கழுவி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அக்கா யூனிஃபார்மில் நின்றாள். தையல்காரர், மடிப்பு கலையாத சட்டையில், பேச்சில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஃபிளாஷைக் கேமரா தலையிலேயே மாட்டி முதல் படம் எடுத்தாள். அக்காவின் முகம் மாவு பூசினாற்போல் வெளுத்தது. பின்னால் பஸ் இருந்த இடமே தெரியவில்லை, கும்மிருட்டு.

"பன்னெண்டு மீட்டர் வண்டியை எங்கடீ தொலைச்ச?" என்றாள் அக்கா.

சின்னவள் ஃபிளாஷைக் கழற்றி, அக்காவுக்குப் பக்கவாட்டில் ஒரு ஸ்டாண்டில் ஏற்றினாள். வெளிச்சம் மெத்தென்று விழ, முன்னால் வெள்ளைக் குடை ஒன்றை மாட்டினாள். காற்றுக்கு அது சாயப் பார்க்க, தையல்காரர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே அசையாம நில்லுங்க மாமா."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கேம்மா, மாமா ஆக."

"இப்பவே பழகிக்கோங்க."

கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டர் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும்படி வைத்தாள். ஃபிளாஷ் ஒரு நொடிக்குள் முகத்தைப் பார்த்துக்கொள்ளும். மிச்ச நேரத்தில் பஸ்ஸின் விளக்கு தானாக வந்து படத்தில் சேரும். சேர்ந்தது. ஜன்னல் ஜன்னலாக மஞ்சள் வெளிச்சம், அதற்கு முன்னால் அக்காவின் கன்னத்தில் இதமான ஒளி. எல்லாம் சரி, கண் மட்டும் மூடியிருந்தது.

பதினொரு படம் எடுத்தாள். மூன்று எண்ணிவிட்டு எடுத்தாள், எண்ணாமலும் எடுத்தாள். பதினொன்றிலும் அக்கா தூங்கினாள்.

"விடுடீ. என் மூஞ்சிக்கு இது போதும்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணுக்கா."

"உன் கல்யாண ஆல்பத்துல நான் எந்தப் பக்கத்துல இருக்கேன், சொல்லு?"

சின்னவளுக்குக் கை நின்றுவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் கல்யாணத்தை ஓடியாடி நடத்தியதே அக்காதான். அறுபது பக்க ஆல்பத்தில் அவள் ஒரு பக்கத்திலும் இல்லை. எல்லாவற்றிலும் கண் மூடியிருக்கிறாள் என்று சின்னவளேதான் ஒதுக்கியிருந்தாள்.

"நீ பாத்தா சங்கடப்படுவேன்னு நெனச்சேன்க்கா."

"கண்ணு மூடியிருந்தா என்ன, நான் அங்க நின்னேன்னு இருந்திருக்கும்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை இறக்கிவைத்தாள், அவ்வளவுதான். சின்னவள் கிட்டே போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புதான்க்கா. கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

"அழுது தொலைக்காத. அப்புறம் எனக்கும் வந்துரும்."

தையல்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார். அசையக்கூடாது என்று சொன்னதால் அதுவரை குடையும் கையுமாக அப்படியே நின்றிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். இது எதுக்கு ரெண்டு தடவை மின்னுது?"

"ரெண்டு தடவையா?"

"முதல்ல குட்டியா ஒண்ணு, உடனே பெருசா ஒண்ணு. பக்கத்துல நின்னா நல்லாத் தெரியுது."

நாளெல்லாம் ஊசிக்காதில் நூல் கோக்கிற கண்ணுக்கு அது தப்பவில்லை. சின்னவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஃபிளாஷ் தானியங்கியில் இருந்தது. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று பார்க்க அது முதலில் ஒரு சின்ன மின்னலை விடும். அக்காவின் கண் அதற்கே மூடிக்கொள்ளும். உண்மையான வெளிச்சம் வரும்போது இமை கீழே இருக்கும்.

"உன் கண்ணு மேல தப்பே இல்லக்கா! நீ வேகமா சிமிட்டுற, அவ்வளவுதான்."

"பின்ன? திடீர்னு குறுக்க எவனாவது வந்தா பிரேக் போடுற ஆளுடீ நான்."

சின்னவள் தானியங்கியை நிறுத்தினாள். வெளிச்சத்தின் அளவைத் தானே குறைத்து வைத்து, பஸ்ஸின் படிக்கட்டை ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள். வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, இன்னும் சற்றுக் குறைத்தாள்.

"மாமா, இப்ப எத்தனை தடவை?"

"ஒண்ணுதாம்மா."

அக்கா அவரைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் சின்னவள் பொத்தானை அமுக்கினாள்.

திரையில் அக்கா இருந்தாள். பெரிய கண்கள், இரண்டும் திறந்து, ஓரத்தில் சுருக்கங்களோடு. பின்னால் அவளுடைய பஸ் விளக்கேற்றி நின்றது. அக்கா திரையருகே முகத்தை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"நான் இப்படியாடீ இருக்கேன்?"

"நான் தினமும் பாக்குறது இதைத்தான்" என்றார் தையல்காரர். அன்று அவர் அதிகமாகப் பேசிவிட்டார் போலிருந்தது, காது சிவந்தது.

அடுத்து ஜோடியாக எடுக்க, குடையைப் பிடிக்க ஒரு கண்டக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் தனக்கும் ஒன்று கேட்டார். அவரைப் பார்த்து மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிறகு வேலை முடிந்து வந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக வரிசையில் சேர்ந்தார்கள். அக்கா குடையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "தோளை இறக்கு, தாடையைத் தூக்கு" என்று எல்லோரையும் அதட்டினாள்.

பதினேழாவது ஆளோடு பேட்டரி தீர்ந்தது. பஸ் கழுவும் அம்மா மட்டும் பாக்கி. தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றவர், "பரவால்லம்மா" என்று திரும்பிப் போகப் பார்த்தார்.

"நாளைக்கு இதே நேரம் வர்றேன். நீங்கதான் முதல் ஆள்" என்றாள் சின்னவள்.

சொன்னபடியே மறுநாள் போனாள்.