மார்ச் லேபிள்

முதலிபாளையத்தில் என் தையல் யூனிட்டுக்குச் சொல்லாமல் வருகிறவர்கள் இரண்டே வகை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆடிட்காரர்கள், ஆடிட்காரர் என்பதை மறைப்பவர்கள். அருள்செல்வன் இரண்டாம் வகை என்று பார்த்தவுடனேயே முடிவு கட்டினேன். போர்க்குற்றங்களை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்குச் சாட்சியம் திரட்டும் வழக்கறிஞராம்; நாங்கள் தைத்த ஒரு குழந்தைப் பனியனைப் பற்றிக் கேட்க வந்தாராம். அந்த நீதிமன்றத்துக்கு ஒத்துழைக்கச் சொல்லி எங்கள் பையர் நாட்டு அரசாங்கம் கொடுத்த கடிதத்தையும் நீட்டினார். ஒரு குழந்தையின் பனியனுக்காக அரசாங்கம் கடிதம் எழுதுமா? எனக்கு ஏற்கெனவே காது குத்தியாகிவிட்டது.

புதைகுழியில் எடுத்த பனியன் என்று ஒரு படம் காட்டினார். குழந்தையை அக்டோபரில் கொன்றார்கள் என்கிறாள் தாய். அந்தப் பகுதிப் படைக்கு மே மாதம் பொறுப்பேற்ற தளபதியோ, அது ஏப்ரலிலேயே நடந்தது, தான் வருவதற்கு முன்பு என்கிறான். லேபிளில் தைத்த மாதம் மார்ச் என்றிருப்பதால் அவன் பேச்சு எடுபடுகிறது. லேபிள் சரிதானா என்பதுதான் கேள்வி.

கழுத்துப் பட்டி பச்சை. மார்ச்சில் வெள்ளைப் பட்டிதான் வைத்தோம். பச்சை வைத்தது ஜூன் மாத ரிப்பீட் ஆர்டரில். மிச்சமிருந்த மார்ச் லேபிள் ரோலைத் தூக்கிப்போட மனசில்லாமல் அதையே வைத்துத் தைத்துவிட்டோம். பையருக்குத் தெரிந்தால் யூனிட்டே காலி. அதைத் தோண்டத்தான் இந்த நாடகம் என்று தோன்றியது. லேபிள் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் போனதும் செக்கிங் சூப்பர்வைசர் அமராவதி எதிரில் வந்து நின்றாள். படத்தை அவளும் பார்த்திருக்கிறாள், பேச்சையும் கேட்டிருக்கிறாள்.

"ஏனுங்கண்ணா, அது ஜூன்ல தச்சதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஆடிட்காரர்கள் எந்த வேஷத்திலும் வருவார்கள் என்றேன்.

"பொணத்து மேல இருந்து பனியனக் கழட்டிட்டு எந்த ஆடிட்காரன் வருவானுங்க? பெத்தவ சொல்றத இனி யாரு நம்புவாங்க?"

வெட்கமாக இருந்தது. அருள்செல்வன் கொடுத்த கார்டை எடுத்து எண்ணை அழுத்தினேன். அப்போதும் சந்தேகம் போகவில்லை. ஆடிட்டாகவே இருந்தால் நான் தொலைந்தேன். இல்லையென்றால் அந்தத் தளபதி என் கையெழுத்தைக் காட்டித் தப்பித்துவிடுவான்.

"சாருங்க, அந்த லேபிள் பொய்யிங்க. பனியன் ஜூன்ல தச்சது. என்ற கையெழுத்தக் கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்பி வாங்க, நெசத்த எழுதித் தாரேன்."