பறவைக்கா, பூச்சிக்கா?

விசாரணை முடியும்வரை டிப்போ பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பஸ் டிரைவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, இரவில் தூக்கமும் இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். ஃபோனை எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

ஒரு திருப்பத்தில் நாய் குறுக்கே ஓட, சட்டென்று பிரேக்கை மிதித்திருந்தார். நாய் தப்பித்துக்கொண்டது. பஸ்ஸுக்குள் நின்றிருந்த ஒரு பெண்மணி தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. மாணவர் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்ப்பவர். ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்,” என்று தொழிற்சங்கத் தலைவரிடம் கேட்டார் டிரைவர்.

“அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க. போனா தப்ப நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

போகாமல் இருந்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. கொல்லையில் அவர் மனைவி போட்டிருந்த காய்கறிப் பாத்திகளின் மேல் பாய்ந்தார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். துணி வெட்டி முடித்த நேரத்தில் தண்ணீர் ஊற்றி, அவள் போக்கில் வளர்த்துவந்த தோட்டம் அது. இவர் போய் உட்கார்ந்த பிறகுதான் அதில் இத்தனை வில்லங்கம் இருப்பது தெரிந்தது. பழுக்கத் தொடங்கிய தக்காளியை மைனாக்கள் கொத்தின. முட்டைக்கோஸ் இலைகள் சல்லடையாகிக் கிடந்தன. வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் அவற்றின் மேலேயே வட்டமடித்தன.

“இன்னைக்கே வலை வாங்கிப் போட்டுடறேன்,” என்று கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் நிதானமான ஆள். “பறவைக்கா, பூச்சிக்கா?” என்று கேட்டார்.

“எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும்னு ஒண்ணு கிடையாதுங்க. இது பெரிய கண்ணு, பறவைக்கு. பூச்சி இதுல கைவீசிட்டுப் போகும். பூச்சிக்குன்னா அந்தப் பொடிக்கண்ணு வெள்ளை வலை. எதுவானாலும் குச்சி நட்டு விறைப்பா இழுத்துக் கட்டணும். தொளதொளன்னு விட்டா...”

டிரைவர் அதற்குள் பெரிய கண் வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் செடிகளின் மேல் அப்படியே போர்வை மாதிரி உதறிப் போட்டு, நான்கு மூலையிலும் கல்லை வைத்தார்.

மறுநாள் காலை வலையில் ஒரு மைனா தொங்கியது. கழுத்தும் ஒரு இறக்கையும் நூலில் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இன்னொன்று சுவரில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. டிரைவர் விரலால் நூலைப் பிரிக்கப் பார்த்தார், இன்னும் இறுகியது. மனைவி கத்தரிக்கோலோடு ஓடிவந்து வெட்டி எடுத்தபோது உடம்பில் சூடு மட்டும் மிச்சமிருந்தது.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“என் கைபட்டா இப்படித்தான் ஆகுது.”

“கை என்ன பண்ணும்? அவசரம்தான் பண்ணுச்சு,” என்றாள் மனைவி. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்று மாலை அவள் தம்பி வந்தான். குழாய் ரிப்பேர் செய்கிறவன். “மாமா, இதென்ன செடிக்குப் போட்ட வலையா, உங்களுக்குப் போட்டதா?” என்று சிரிக்கவைக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு போய் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை எடுத்துவந்து வில்லாக வளைத்துப் பாத்தியில் ஊன்றினான். மனைவி பொடிக்கண் வலையை வாங்கிவந்து, அகலம் போதாததால் இரண்டு துண்டை மெஷினில் வைத்து மூட்டினாள்.

“பொறுங்க, உடனே மூடாதீங்க,” என்று டிரைவரைத் தடுத்தாள். “உள்ள இருக்கிற முட்டையோட மூடினா, புழுவுக்கு நாமளே காவல் போட்ட கணக்கா ஆயிடும்.”

அவளும் டிரைவரும் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார்கள். அடிப்பக்கம் மஞ்சளாக ஒட்டியிருந்த முட்டைகளை நசுக்கினார்கள், புழுக்களைப் பொறுக்கினார்கள். பிறகு வலையை விறைப்பாக இழுத்து, ஓரத்தை மண்ணில் புதைத்தார்கள். கைக்கு வேலை இருந்தவரை டிரைவர் ஃபோனைத் தொடவில்லை.

சும்மா இருப்பாரா? மிஞ்சிய பொடிக்கண் வலையை எடுத்துக் கொடி வெள்ளரிக்கும் போர்த்திவிட்டார். சில நாளில் பூவெல்லாம் காய் பிடிக்காமல் உதிர்ந்தது.

“தேனீ எப்படிங்க உள்ள வரும்?” என்று தலையில் அடித்துக்கொண்டாள் மனைவி. “முட்டைக்கோஸ மூடியே வைக்கலாம். இது பூத்தா திறந்துதான் விடணும்.”

“எது திறக்கணும், எது மூடணும்னு எனக்கு எதுவுமே தெரியலையே!” கத்திவிட்டார். வலையைப் பிடுங்கி எறிந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு.”

அவள் தடுக்கவில்லை. “நானும் வரட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போனார்.

வார்டில் சமையல்காரம்மா அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். வாங்க என்று சொல்லவில்லை. டிரைவர் கட்டில் ஓரம் நின்றார்.

“நின்னுட்டே இருந்தா எப்படி? இந்தத் தலைமாட்டைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க. நர்ஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு.”

அவர் குனிந்து கட்டிலடியில் இருந்த கைப்பிடியை வேகமாகச் சுற்றினார்.

“ஐயோ, மெல்ல! இங்கயுமா?”

பக்கத்துக் கட்டில்காரி களுக்கென்று சிரித்தாள். டிரைவர் காது சிவந்தது. மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினார்.

“வேகமாத்தானே வந்தீங்க?” என்றார் அந்த அம்மா, அவர் முகத்தைப் பார்த்து.

சங்கத் தலைவர் சொன்னதெல்லாம் டிரைவர் நினைவுக்கு வந்தது. “ஆமாங்க,” என்றார். “அந்த டிரிப் லேட்டாயிடுச்சு. திருப்பத்துல குறைக்காம வந்துட்டேன். அதான் அப்படி பிரேக்கைக் குத்தி நிறுத்த வேண்டியதாயிடுச்சு.”

“நாய்மேல பழியப் போடுவீங்கன்னு நினைச்சேன்.” போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். “எனக்குக் கோவம் போகல. போகும்னும் தோணல. ஆனா எட்டிக்கூடப் பாக்கலியேன்னு ஒரு எரிச்சல் இருந்துச்சு பாருங்க, அது போச்சு.”

விசாரணையிலும் டிரைவர் அதையேதான் சொன்னார். சங்கத் தலைவர் தலையைப் பிடித்துக்கொண்டார். சில மாதம் வண்டி எடுக்கக்கூடாது, டிப்போவுக்குள் வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவானது. நண்பர்கள் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மனைவி முழுக்கக் கேட்டாள். “காலையில எத்தன மணிக்குப் போகணும்?” என்றாள்.

“ஆறுக்கு.”

“சரி, அப்ப சீக்கிரம் சாப்பிடுங்க.”

சாப்பிட்டார். தட்டைக் கழுவிக்கூட வைக்காமல், தரையில் ஒரு துண்டை விரித்துப் படுத்தவர், வெளிச்சம் போகும் முன்பே குறட்டை விடத் தொடங்கினார்.