மேட்டுக் கல்லுக்குக் கோரைச் சிலுவை

புனித பிரிஜித்தம்மாள் திருநாளுக்கு முந்தின நாள் டீலியா கோரை பிடுங்கிய வேகத்தைப் பார்த்தவர்கள், இவள் வீட்டுக்கு எத்தனை வாசல் என்று கேலி செய்தார்கள். கோரையில் ஒரு சிலுவை பின்னி நிலைக்கு மேலே செருகிவிட்டால் வருஷம் முழுக்க வீட்டுக்குத் தீங்கு அண்டாது என்பது கானமராக் கடற்கரைச் சீமையின் வழக்கம். டீலியாவுக்கு வாசலைப் பற்றிய கவலை இல்லை. தீங்குதான் போன அக்டோபரிலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதே.

அவள் பெற்ற பெண் குழந்தை ஞானஸ்நானத்துக்கு முன்பே கண்ணை மூடிவிட்டது. அப்படிப் போன பிள்ளைக்குக் கோயில் கல்லறையில் இடம் கிடையாது, சிலுவையும் கிடையாது. தகப்பன் பொழுது சாயத் தூக்கிக்கொண்டு போய்க் கடலோர மேட்டில் புதைத்து, ஒரு மொட்டைக் கல்லை நட்டுவிட்டு வர வேண்டும். தாய் கூடப் போகக் கூடாது. அவள் புருஷன் கோல்மன் போனான், வந்தான், வாயைத் தைத்துக்கொண்டான். எந்தக் கல் என்று அவள் கேட்காத நாளில்லை. சொல்லக் கூடாதென்று பங்குச்சாமி அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தெரிந்தால் அங்கேயே போய் விழுந்து கிடப்பாளாம். நல்ல நியாயம்!

திருநாள் பூசை முடிந்ததும், ஊரே பார்க்கச் சிலுவைக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேடேறினாள். ஒரு கல் விடாமல் சிலுவை வைத்தாள். பங்குச்சாமி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பின்னாலேயே கோல்மனும் வந்தான்.

"எல்லாத்தையும் எடு. இது செபம் பண்ணி மந்திரிச்ச மண் இல்ல."

"எம்புள்ள கல்லு எதுன்னு நீங்க காட்டுங்க சாமி, மத்ததை எடுத்துடறேன். காட்ட மாட்டீங்கன்னா, இங்க கிடக்கிறது எல்லாமே எம்புள்ளதான்."

ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று உன் பெயரைச் சொல்லி மானத்தை வாங்குவேன் என்றார் அவர். தாராளமாகச் சொல்லுங்கள், பெயரில்லாமல் புதைத்த என் மகளுக்கும் அங்கேயே ஒரு பெயர் சொல்லுங்கள் என்றாள் டீலியா. அவர் முகம் சிவந்து, குனிந்து ஒரு சிலுவையைப் பிடுங்கி எறிந்தார். அவள் அதை எடுத்து வந்து அதே கல்லில் வைத்தாள்.

கோல்மன் அதுவரை தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். முள்மரத்தடிக் கல்லுக்குச் சாமி கை நீட்டியபோதுதான் குறுக்கே வந்து விழுந்தான்.

"அதுல கை வைக்காதீங்க சாமி. அது எங்க பாப்பா."

டீலியா அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். கல் தெரிந்துவிட்டதே, இனி மற்றதையெல்லாம் எடு என்றார் சாமி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "காட்டுனது நீங்க இல்லையே."