முறத்தோடு ஆடிய தலை

“உனக்கு ஜோடியா யாருடி வந்திருக்கா?” என்று கேட்டாள் விடுதியில் கூடத் தங்கியிருந்த அழகம்மாள்.

லீலா வாய் திறக்கவில்லை. பலகையில் ஒட்டியிருந்த தாளில் ஒரு பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள். கட்டுரை வாசிப்பவர் ம. ஞானவேல். எதிர் பேசுபவர் க. லீலா.

“அந்தத் திண்டுக்கல் வாத்தியாரா? அது சரி, வாயில என்ன கொழுக்கட்டையா? பேரைச் சொன்னா என்ன?”

“பல்லு கூசுது. குளிரு.”

அறுபத்துநாலாம் வருஷம், மே மாதம். கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில், தத்துவத்தில் எம்.ஏ. படிப்பவர்களுக்கும் புதிதாகப் பாடம் நடத்த வந்தவர்களுக்கும் கோடைப் பயிலரங்கு நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி அமெரிக்கா போன சில சிந்தனையாளர்கள் எழுதியவைதான் பாடம். தன்னை அடக்குகிறவனுக்கு மனுஷன் ஏன் சந்தோஷமாகத் தலைவணங்குகிறான் என்பது அவர்களுடைய கேள்வி.

ஞானவேல் லீலாவின் புருஷன். கல்யாணமாகி ஒன்பது மாசம். ஆனால் கல்லூரிப் பதிவில் அவள் இன்னும் அப்பா கந்தவேலின் தலைப்பெழுத்தோடுதான் இருந்தாள். ஜோடி போட்ட பேராசிரியர் சேனாதிபதிக்கு இது எப்படித் தெரியும்? கழுத்தில் தாலி இருந்தது எல்லோருக்கும் தெரியும்; கட்டியவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. பெண்களுக்குக் கான்வென்ட் விடுதி, ஆண்களுக்குப் பங்களா மாடி. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஞானவேல் சொல்லிவிட்டான்: “நாம யாருன்னு சொல்லிக்க வேண்டாம். ஓட்டியே கொன்னுருவாங்க.”

மதியம், அரங்குக்கு வெளியே அவளைத் தனியாகப் பிடித்துத் தன் மஃப்ளரை எடுத்து அவள் கழுத்தில் போட்டான்.

“கூத்தப் பாத்தியா? சும்மா ரெண்டு கேள்வி கேட்டுட்டு உக்காந்துரு. ஒனக்குத்தான் கட்டுரை முழுக்கச் சம்மதமாச்சே.”

அவளுக்குச் சம்மதம் இல்லை. அதைச் சொல்லத்தான் பயம். ஞானவேல் கத்துகிற ஆள் இல்லை. மனசு நொந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான், அவ்வளவுதான். அப்புறம் இரண்டு நாளைக்கு வீடு ஊமையாகிவிடும். நாலு பேர் முன்னால் சொன்னால் அந்தக் கண்ணாடி எத்தனை நாளைக்குத் துடைபடுமோ? சொல்லாமல் விட்டாலோ, ஆயுசுக்கும் தலையாட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அரங்கு கூடியதும் சேனாதிபதி தம்முடைய சட்டத்தை மறுபடி சொன்னார். “எதிர் பேசுறவங்க, முதல்ல கட்டுரை வாசிக்கிறவரு கருத்தை உங்க வாயால சொல்லணும். ‘ஆமா, இதுதான்’னு அவரு ஒத்துக்கிட்ட பிறகுதான் மறுக்கலாம். நம்ம பழைய தர்க்கக்காரங்க அப்படித்தான் சண்டை போட்டாங்க. ஜெர்மன்காரனுக்கும் அதே சட்டம்தான்.”

ஞானவேல் வாசித்தான். சந்தையும் ஆலையும் அலுவலகமும் மனிதனை அடக்குகின்றன. அடக்குமுறை நுழையாத ஒரே இடம் வீடு. “என் வீட்டையே சொல்கிறேன். இத்தனை மாதத்தில் என் மனைவி ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. அங்கே இருப்பது அதிகாரம் அல்ல, அன்பு.”

லீலா எழுந்தாள். “கட்டுரையாளர் சொல்றது என்னன்னா...”

“பேரைச் சொல்லுங்கம்மா” என்றார் சேனாதிபதி. “கருத்துக்குப் பின்னால ஒரு ஆளு இருக்காருல்ல?”

“அவங்க...”

“எவங்க?”

கூட்டம் சிரித்தது. லீலா மஃப்ளர் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஞானவேல்” என்றாள்.

ஒன்பது மாசத்தில் முதல் தடவை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

“ஞானவேல் சொல்றது இதுதான். வெளியில நாள் முழுக்க யார் யாருக்கோ தலைவணங்கிட்டு வர்றவனுக்கு, வணங்காம உட்கார ஒரு இடம் வேணும். அந்த இடமும் இல்லைன்னா, நாளைக்கு எதிர்த்து நிக்கிற தெம்பு அவனுக்கு எங்கிருந்தும் வராது. சரிங்களா?”

“சரிதான். நான் எழுதினதை விட நல்லா இருக்கு.”

“அவன் உட்கார எடம் கெடச்சாச்சு. அவன் சம்சாரம் எங்க உட்காருவா? மறுத்துப் பேசலைங்கிறதை வச்சு அன்புன்னு சொல்றீங்க. நாம படிக்கிற இந்த ஜெர்மன்காரங்க பயப்படுறதே அந்த மாதிரி மௌனத்துக்குத்தானே? அந்தம்மாவைக் கேட்டீங்களா?”

“கேக்கணும்னு தோணலைங்க. அவங்க தலையாட்டுவாங்க.”

“எப்போ?”

“சாயங்காலம். நான் எழுதினதை வாசிச்சுக் காட்டுறப்போ.”

“அப்போ அவங்க என்ன சோலி பாத்துக்கிட்டு இருப்பாங்க?”

ஞானவேல் யோசித்தான். “அரிசி புடைச்சுக்கிட்டு.”

“முறத்துல அரிசி புடைச்சா யாருக்குமே தலை ஆடத்தான் செய்யும்.”

அரங்கு வெடித்தது. சேனாதிபதி மேஜையைத் தட்டினார். “ஞானவேல், இன்னைக்கே வீட்டுக்கு ஒரு கடிதாசி போட்டு அந்தம்மாவைக் கேட்டுருங்க!”

ஞானவேலின் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றினான். அவன் துடைக்கவில்லை, வெறுமனே கையில் வைத்திருந்தான்.

“கடிதாசி வேண்டாம் சார். எதிர்ல நிக்கிறாங்க.”

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், “அடிப்பாவி! பல்லு கூசுதுன்னியே!” என்று அழகம்மாள் கத்தினாள். சேனாதிபதி வாயைப் பொத்திக்கொண்டார். “நான் போட்ட ஜோடின்னுல்ல நெனச்சேன். எனக்கு முன்னாடியே போட்டாச்சா?”

சிரிப்பு அடங்கும்வரை ஞானவேல் காத்திருந்தான். பிறகு கேட்டான்: “சொல்லுங்க. நீங்க எங்க உட்காருவீங்க?”

நீங்க என்கிறான். கிண்டலா என்று பார்த்தாள், இல்லை.

“தெரியலை. இன்னும் உட்கார்ந்து பாக்கலை.”

சேனாதிபதி எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் அவளை விடுதியில் விட அவனே கூட வந்தான். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ஏரியிலிருந்து பனி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“வீட்லயே சொல்லியிருக்கலாமே?”

“ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். ‘அப்புறம் பாக்கலாம்’னீங்க.”

“சொன்னேனா?”

“சொன்னீங்க. இப்ப கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டு ஊமையாயிராதீங்க. அதுக்குத்தான் பயந்து கெடந்தேன்.”

கைக்குட்டையை எடுக்கப் போனவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். கண்ணாடி முழுக்கப் பனி. நாலடி நடப்பதற்குள் வேலிக் கல்லில் கால் இடறினான்.

“அய்யோ, குடுங்க இப்படி!” லீலா சிரித்தபடியே அதை வாங்கி முந்தானையில் துடைத்து, அவளே மாட்டிவிட்டாள்.

“சரி, சாரோட சட்டப்படியே வர்றேன்” என்றான். “உன் கருத்தை நான் சொல்றேன். வீட்டு வேலையில நான் ஒத்தாசை பண்ணலைங்கிற.”

“பண்ணலைதான். ஆனா அது இல்ல.”

“எழுதினதை வாசிச்சுக் காட்டக் கூடாதுங்கிற.”

“அய்யே, அது எனக்குப் பிடிக்கும்.”

கான்வென்ட் கேட்டில் காவல்காரர் சாவிக்கொத்தை ஆட்டினார். “வெரசா வாங்கம்மா, பூட்டணும்!”

“ஒரு நிமிஷம் அண்ணே!” என்று அவரிடம் கெஞ்சிவிட்டு ஞானவேல் மறுபடி திரும்பினான். “அப்போ... நான் வாசிக்கையில, முறத்தை நான் வாங்கிக் கீழ வச்சுட்டு, ‘நீ என்ன நெனைக்கிற’ன்னு...”

லீலா கேட்டுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“கிட்ட வந்துட்டீங்க, ஞானவேல்” என்றாள். “மறுபடி சொல்லுங்க.”