கட்டில் வரைக்கும் வந்த அதிர்வு

பிரஸ் மெஷினுக்கு ஸ்பிரிங் தாங்கிகள் மாட்டிய அன்று பட்டறையில் இருந்தவர்கள் நால்வர்: முதலாளியான பெரியவர், அவர் மனைவி, மருமகன், ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெஷின் ஃபிட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. அங்கே கட்டிலில் மகள் கிடந்தாள். மருத்துவர்கள் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். கொடுத்த மருந்துகள் அவள் காதையும் வாங்கிக்கொண்டன.

தகடு வெட்டும் அந்த பிரஸ்ஸைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் தளம் அதிரும். அதிர்வு சுவரைத் தாண்டிப் போய்க் கட்டில் காலில் ஏறும்.

"பிள்ளை உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடுது. பெத்த மனசு எப்படித்தான் தாங்குதோ" என்றாள் மனைவி. பெரியவருக்குச் சுருக்கென்றது.

முதலில் ரப்பர் கட்டைகளை வைத்துப் பார்த்தார். பிரஸ்ஸின் எடைக்கு அவை நசுங்கிப்போயின, அதிர்வு குறையவில்லை. பிறகுதான் ஸ்பிரிங். சக்கரம் இருக்கும் பக்கம் கனம் அதிகம் என்று அதற்கு மட்டும் கெட்டியானதாகப் பார்த்து எடுத்தார்.

"நாலு காலுக்கும் ஒரே ஸ்பிரிங் போட்டா என்ன?" என்று சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற மருமகன் கேட்டான்.

"போடலாம் மாப்பிள்ளை. மெஷின் உங்களை மாதிரியே ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும்" என்றான் ஸ்பேனர். பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிரஸ் ஓடியது. மகளின் தலைமாட்டில் இருந்த டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. பெருமையாக உள்ளே போனவர் திகைத்து நின்றார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கப்பா போயிட்டீங்க?"

பிரஸ் ஓடுகிறது என்று சுவரைக் காட்டிச் சைகை செய்தார்.

"பொய். கட்டில் சும்மா கிடக்கு. காது போனதுக்கப்புறம் அந்த அதிர்வு ஒண்ணுதான்பா எனக்கு வருது. அது வந்தா, அப்பா பக்கத்துலதான் இருக்காருன்னு படுத்திருப்பேன். இப்போ குழிக்குள்ள கிடக்கிற மாதிரி இருக்கு."

யார் முன்னும் கண் கலங்கியவர் அல்ல அவர். நிமிர்ந்த முதுகோடு பட்டறைக்குத் திரும்பினார்.

"ஸ்பிரிங்கைக் கழட்டுங்க. பழையபடி போல்ட்டைப் போட்டு இறுக்குங்க."

"மாமா, இப்பத்தானே மாட்டினோம்..."

"சொன்னதைச் செய்யுங்க மாப்பிள்ளை." குரல் உடைந்துவிட்டது. ஸ்பேனர் யார் முகத்தையும் பார்க்காமல் ஜாக்கியை எடுத்தான்.

அதன்பின் அவள் விழித்திருக்கும்போதெல்லாம் பிரஸ் ஓடியது. ஒருநாள் காலையில் மனைவி பட்டறை வாசலில் வந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவரின் கை சுவிட்ச் வரை போயிற்று, அழுத்த முடியவில்லை. மருமகன்தான் நிறுத்தினான்.

மகள் சாகும் நேரத்திலும் தொழிலை விடாத கல்நெஞ்சக்காரர் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அன்று பிரஸ்ஸில் தகடே வைக்கவில்லை. வெறுமனேதான் ஓட்டினார், மகளின் கட்டிலுக்கு அந்த அதிர்வு போய்ச் சேரட்டும் என்பதற்காக.