சோற்றுக்கு மூன்று சாட்சிகள்

அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. உயிரோடு இருக்கும் மூன்று பேரின் வாயிலிருந்து தானாக உதிர்ந்ததற்குச் சான்றெழுதிய சீட்டு இல்லையென்றால், எந்தச் சொல்லுக்கும் 'வழக்கொழிந்தது' என்னும் முத்திரை விழும். சீட்டு எழுதுபவர் அச்சொல்லைத் தாம் உச்சரிக்கவும் கூடாது, கேட்டு வாங்கவும் கூடாது. விதியை இயற்றியவர் மூத்த தொகுப்பாளர். அவர் இல்லாத இடத்தில் அவர் பெயர் வல்லினம்.

அன்று காலை அவர் 'சோறு' என்ற உறையைத் திறந்தார். வெந்த அரிசி என்ற பொருள் இருந்தது. தாவரத்தின் உட்சதைக்கும் அதுவே பெயர், சோற்றுக்கற்றாழை அப்படி வந்ததே என்ற குறிப்பும் இருந்தது. பழம்பாட்டு மேற்கோள்கள் இருபது. சீட்டு ஒன்றுகூட இல்லை. பக்கம் நான்கு மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும். அத்தனை தலைமுறை உண்டு வளர்ந்த சொல்லைத் தம் கையாலேயே புதைப்பதா என்று வெற்றுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அலுவலக உணவகத்துக்குப் போனார். சமையற்காரர் ரைஸ் போடவா என்றார். பக்கத்து மேசைக்காரர் சாப்பாடு ஆயிற்றா என்றார். வல்லினம் தட்டைக் காட்டி, வாயைக் காட்டி, ஊமைக்கூத்து ஆடிப் பார்த்தார். பல்வலி என்று முடிவுகட்டிய சமையற்காரர் கஞ்சி கொண்டுவந்து வைத்தார்.

வீட்டுக்கு விரைந்தார். சாதம் வைக்கவா என்று கேட்டு மனைவி பரிமாறினார். இவர் கையே வைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு இல்லையா, சூடு போதாதா, உடம்புக்கு என்ன என்று வரிசையாகக் கேட்ட மனைவி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தன் தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லி அழுதார். பிறகு பொறுமை போயிற்று.

"மணி ரெண்டாச்சு. போட்ட சோத்தைத் தின்னாம என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா நான் என்னன்னு நெனைக்கிறது?"

வல்லினம் துள்ளி எழுந்து சீட்டெடுத்தார். 'சோற்றை' என்று திருத்தக் கை துறுதுறுத்தது; சான்றைத் திருத்தலாகாது என்று அடக்கிக்கொண்டார். கூடவே ஒன்று விளங்கிற்று. பொறுமையாக இருக்கும் வாய் சாதம் என்கிறது. பொறுமை அறுந்தால்தான் சோறு வருகிறது.

நேரே உணவகம் திரும்பி, இன்று எல்லாம் பசைபோல இருந்ததென்று சமையற்காரரிடமே சொன்னார்.

"வீட்டுல சோறு போடலைன்னா அந்தக் கோவத்தை எங்கிட்டக் காட்டாதீங்க சார்."

இரண்டு. மூன்றாவதற்கு யாரைச் சீண்டலாம் என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தபோது, அச்சக மேற்பார்வையாளர் வாசலில் வந்து நின்றார்.

"அங்க நாலு பேரு சோறு தண்ணி இல்லாம உங்க ஒரு பக்கத்துக்குக் காத்துக்கிடக்கறோம். நீங்க இங்க நின்னு வம்பு வளத்துக்கிட்டிருக்கீங்க."

அவரைக் கட்டித் தழுவாத குறைதான்.

மூன்று சீட்டுகளையும் பார்த்த தலைமைப் பதிப்பாசிரியை கையெழுத்திடவில்லை. 'சூழல்' என்ற கட்டம் மூன்றிலும் வெறுமையாக இருந்தது. "யாரு யாருகிட்ட எதுக்குச் சொன்னாங்கன்னு எழுதணும் ஐயா. அதுவும் அச்சுல வரும்."

வல்லினம் பேனாவை மூடினார், திறந்தார். எழுதாவிட்டால் சொல் போகும். எழுதினால், அகராதி புரட்டுகிற வீடெல்லாம் தம் மானம் போகும். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வல்லினம் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

வாசித்த அம்மையார் சிரிப்பை மென்று விழுங்கினார். "மூணுலயும் திட்டு வாங்கினது ஒரே ஆளா ஐயா?"

"ஒரே ஆள்தாம்மா. சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க."