இரண்டாவது தலை

மெழுகுத் தலையில் புருவ முடியை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள் தங்கை. அக்காவின் இடது புருவத்தில் அரிசியளவு இடைவெளி உண்டு. அதையும் மறக்காமல் விட்டாள்.

தியேட்டர் வாசலையே மிதிக்காமல் நேராக வீடியோ கேசட் கடைக்குப் போகிற படம் அது, இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் அக்காதான் கதாநாயகி. விண்கலம் வெடிக்கும் காட்சியில் வெடி ஒரு நொடி முந்திக்கொண்டது. அக்காவின் முகம் வெந்தது. அந்த ஷாட்டை யாரும் வெட்டவில்லை. கேசட் அட்டையிலேயே போட்டார்கள்.

இந்தப் பாகத்தில் அக்காதான் விண்வெளிப் பிசாசு.

"முகமூடியே வேணாம்ப்பா. லைட்டை மட்டும் கீழேருந்து அடி" என்றார் டைரக்டர். படப்பிடிப்பு ஷெட்டே சிரித்தது. அக்காவும் சிரித்தாள், உதடு ஒரு பக்கம் மட்டும் ஏறியது. தங்கை ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, நீளக் குச்சியின் நுனியிலிருந்த பஞ்சால் அந்த முகத்தில் பச்சைச் சாயம் ஒற்றினாள்.

கடைசிக் காட்சியில் பிசாசு பழைய கதாநாயகியின் தலையைக் கையில் ஏந்தி, மூச்சுக் காற்றால் உருக்க வேண்டும். விபத்துக்கு முன்பு எடுத்த அக்காவின் முக அச்சில் அந்தத் தலையை வார்த்திருந்தாள் தங்கை. இரண்டு வார்த்ததும் அச்சு விண்டுபோயிற்று. டைரக்டரிடம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, மற்றதைத் துண்டில் சுற்றித் தன் பையில் ஒளித்து வைத்தாள். வீட்டிலிருந்த பழைய போட்டோக்களை எல்லாம் அக்கா கிழித்துப் போட்டுவிட்டாள். இனி அந்த முகம் இந்தப் பையில்தான்.

தங்கை மறைவில் குந்தி, சூடான காற்று ஊதும் கருவியைப் பிடித்தாள். மூக்கு வழிந்தது. கன்னம் சரிந்தது. பத்தே நிமிடத்தில் அக்காவின் கையில் ஒரு கூழ்.

"கட்! பிரமாதம்!"

கேமராமேன் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார். "சார்... ஒத்திகையில பட்டனை அமுக்குனேன். அது அப்படியே ஓடிட்டிருந்திருக்கு. ஆக்‌ஷன்னு சொன்னதும் மறுபடி அமுக்கிட்டேன். நின்னுபோச்சு."

"உன் மூளையும் நின்னுபோச்சா?" டைரக்டர் தங்கையின் பக்கம் திரும்பினார். "இன்னொரு தலை இருக்காம்மா?"

"இல்ல சார்."

"இருக்கு" என்றாள் அக்கா. "அவ பையில."

தங்கை ஓடிப்போய்ப் பையை எடுத்து அணைத்துக்கொண்டாள். "அக்கா, வேணாம்க்கா. உன் ஞாபகமா வச்சிருக்கேன்."

"நான் என்ன செத்தா போயிட்டேன்? நேத்து அதுக்குத் தலை வாரிவிட்டியே, பார்த்தேன். கன்னத்தைக்கூடத் தடவின. என்னைத் தொட்டு எத்தனை நாளாச்சுடி?"

"உனக்கு வலிக்குமேன்னுதான்..."

"வலி எப்பவோ போயிடுச்சு. எடுத்துட்டு வா."

"குடும்பச் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. வெளிச்சம் போகுது" என்றார் டைரக்டர்.

தங்கைதான் துண்டைப் பிரித்தாள். தங்கைதான் மறுபடி கருவியைப் பிடித்தாள்.

"கிட்டக்கப் பிடி" என்றாள் அக்கா.

நெற்றி முதலில் இளகியது. ஒவ்வொன்றாக நட்ட புருவம், இடைவெளியோடு, அட்டைப்பூச்சிபோல நகர்ந்து கண்ணுக்குள் இறங்கியது. கொதிக்கும் மெழுகு அக்காவின் விரல்களில் ஒழுகியது; அவள் கையை உதறவில்லை. மறைவில் தங்கை வாய்விட்டு அழுதாள். டைரக்டர் விரலை உயர்த்தி, அந்தச் சத்தத்தையும் பதிவு செய்யச் சொல்லி மைக் பிடித்திருந்தவருக்குச் சைகை காட்டினார்.

"கட்!"

இந்த முறை கேமரா ஓடியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்காவின் கன்னத்தில் ஒரு சொட்டு மெழுகு தெறித்து உறைந்திருந்தது. அவள் தங்கையின் முன் வந்து குனிந்து, முகத்தை நீட்டினாள்.

"இதை எடுத்து விடுடி."

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கையுறையைத் தேடினாள்.